கண் நன்றாக இருக்கிறது என்றார்கள்



வழக்கத்தைவிட நீளமான பதிவு இது. கையில் இருக்கும் டீ ஆறிப்போகும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகளைப் பற்றியது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் வேணாம் பெரியப்பா, மத்ததெல்லாம் எழுதுங்க" என்றாள்.

போன வருஷம் ஆடி மாதம். அவளுக்கு 26 வயது, வங்கியில் வேலை. ஒரு நாள் காலையில் எழுந்ததும் இடது கண்ணை அப்படி இப்படித் திருப்பினால் உள்ளே வலிக்கிறது என்றாள். மறுநாள் அந்தக் கண்ணில், பார்க்கும் இடத்தின் நடுவில் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. முதலில் கண்ணாடிக் கடைக்குப் போனாள். பவர் மாறவில்லை. பிறகு ஒரு கண் மருத்துவமனை. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து, விழித்திரை வரை பார்த்துவிட்டு, "கண் நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர் முன்னால் ரொம்ப நேரம் உட்காருகிறீர்கள், ஸ்ட்ரெஸ்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் பார்த்ததில் பொய் இல்லை. கண் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு இருந்தது கண்ணுக்குப் பின்னால்.

நானும் யோக்கியன் இல்லை. "போனைத் தூக்கிப் போடு, நல்லெண்ணெய் தேய்ச்சு வெந்நீர்ல குளி, சூடு இறங்கும்" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னவன் நான்தான். குளித்துவிட்டு வந்தவள், "பெரியப்பா, இப்ப சுத்தமாத் தெரியல" என்று அழுதாள். அரை மணி நேரத்தில் பழைய மங்கலுக்குத் திரும்பியது. எண்ணெய்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் அம்மா முடிவு கட்டினார். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: உடற்சூடு ஏறும்போது பார்வை இப்படித் தற்காலிகமாக மங்குவதை 1890-லேயே உத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். உறை தேய்ந்த நரம்பு சூட்டில் செய்தி கடத்தத் திணறும். வெந்நீர்க் குளியலோ வெயிலோ நோயை வளர்ப்பதில்லை, இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

நான்காம் நாள். பணி ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகியும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா வைத்திருக்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டு ஒரு கண்ணை மூடித் திறந்தாள். "வலது கண்ணுல சிவப்பாத் தெரியுது. இடதுல பாத்தா காஞ்ச செங்கல் மாதிரி இருக்கு." எனக்கு அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. எழுத்து மங்கினால் பவர் என்று சொல்லலாம். நிறம் வெளுத்தால்?

பக்கத்து ஊரில் வயதான ஒரு கண் டாக்டர் இருக்கிறார். அவர் கருவி எதையும் தொடவில்லை. விளக்கை அணைத்துவிட்டுச் சின்ன டார்ச்சை எடுத்தார். "நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியார்தானே, பக்கத்துல வந்து பாருங்க சார்" என்றார். வலது கண்ணில் வெளிச்சம் பட்டதும் இரண்டு பாப்பாவும் சுருங்கின. டார்ச்சை இடது கண்ணுக்கு நகர்த்தினார். சுருங்கியே இருக்க வேண்டிய பாப்பா, வெளிச்சம் நேராக விழும்போதே விரிந்தது. அந்தக் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வெளிச்சக் கணக்கு குறைகிறது என்று அர்த்தம். பேட்டரிச் செலவைத் தவிர வேறு செலவில்லாத பரிசோதனை. பார்வை குறைந்தது என்று வருகிற எவருக்கும், சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். பாப்பாவை மருந்தால் விரித்த பிறகு செய்ய முடியாது.

"ஆப்டிக் நியூரைட்டிஸ் மாதிரி இருக்கு" என்றார். பார்வை நரம்பு அழற்சி. நரம்பின் பின்பகுதியில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அமெரிக்காவில் 457 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நரம்பின் முகப்பு முதலில் சாதாரணமாகவே இருந்தது. நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது, டாக்டருக்கும் ஒன்றும் தெரியாது என்று மருத்துவர்களிடையே பழைய நகைச்சுவை உண்டாம்.

சீட்டில் எழுதினார்: எம்.ஆர்.ஐ., பிரெயின் அண்ட் ஆர்பிட், ஃபேட் சப்ரஷன், வித் கான்ட்ராஸ்ட்.

இனிமேல்தான் இந்தப் பதிவின் விஷயம் வருகிறது.

ஸ்கேன் சென்டர் கவுன்ட்டரில் இருந்த பையன், "பிரெயின் போதும் சார், கண்ணும் அதுலயே வந்துடும். கான்ட்ராஸ்ட்டுன்னா ஊசி, தனி சார்ஜ்" என்றான். தம்பி பர்ஸைப் பார்த்தான், மகளுக்கு ஊசி என்றதும் முகம் மாறியது. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். 34 வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், கவுன்ட்டர் பையனிடம் தலையை ஆட்டினேன்.

ரிப்போர்ட் வந்தது. மூளையில் இரண்டு சிறு புள்ளிகள், குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமில்லை, மற்றபடி நார்மல். கண்குழியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லண்ணே" என்று தம்பி நிம்மதியாகச் சொன்னான். எடுக்காத படத்தில் ஒன்றும் இல்லைதான்.

பார்வை நரம்பின் தடிமன் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கண்ணிலிருந்து இரு நரம்புகளும் சந்திக்கும் இடம் வரை நீளம் சுமார் 5 சென்டிமீட்டர். சாதாரண மூளை ஸ்கேன் பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக எடுக்கப்படுகிறது. நரம்பைவிடத் துண்டு தடிமன்! அதோடு இன்னொரு சிக்கல். கண்குழி முழுக்கக் கொழுப்பு. அந்த மெத்தையில்தான் நரம்பு படுத்திருக்கிறது. சாதாரணப் படத்தில் கொழுப்பு பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். வீங்கிய நரம்பும் வெண்மையாகத்தான் தெரிய வேண்டும். வெள்ளைச் சுவரில் சாக்பீஸால் எழுதிய எழுத்தை எப்படிப் படிப்பீர்கள்?

என் பழைய மாணவர்களுக்கு இசைக்கவைப் பாடம் நினைவிருக்கும். எம்.ஆர்.ஐ. இயந்திரம் உடம்பில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைத்தான் பாட வைக்கிறது. 1.5 டெஸ்லா காந்தத்தில் அவற்றின் அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனும் கொழுப்பில் இருக்கும் ஹைட்ரஜனும் ஒரே சுருதியில் பாடுவதில்லை, சுமார் 220 ஹெர்ட்ஸ் வித்தியாசம். அந்த நூலிழை வித்தியாசத்தைப் பிடித்துக் கொழுப்பின் குரலை மட்டும் அமுக்கலாம். சுருதியைப் பார்க்காமல், கொழுப்பு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதை வைத்து அமுக்கும் இன்னொரு முறைக்கு ஸ்டிர் என்று பெயர். எதுவானாலும் சுவர் கறுப்பாகிவிடுகிறது, எழுத்து தெரிகிறது. 1988-லேயே லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவர்கள் ஸ்டிர் முறையில் படமெடுத்து, நோயுள்ள நரம்புகளில் நூற்றுக்கு 84-இல் அழற்சியைக் கண்ணால் காட்டினார்கள். அழற்சி நீளமாக இருந்தாலும், எலும்புக் குழாய்க்குள் நரம்பு நுழையும் இடத்தில் இருந்தாலும் பார்வை திரும்பத் தாமதமாகிறது என்பதையும் அப்போதே கவனித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன! நம்மூர்க் கவுன்ட்டரில் "கண்ணும் அதுலயே வந்துடும்" என்கிறார்கள்.

ஊசி எதற்கு? கடோலினியம் என்ற மருந்து அது. நல்ல நரம்பில் ரத்தக் குழாயைத் தாண்டி வெளியே வராது. அழற்சி இருக்கும் இடத்தில் தடுப்பு உடைந்து கசியும், அந்த இடம் மட்டும் ஒளிரும். புதிதாக வந்த பார்வை நரம்பு அழற்சியில், சரியான முறையில் எடுத்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இது தெரிகிறது. ஆனால் நாளாக ஆக மங்கிவிடும். "கொஞ்ச நாள் பாத்துட்டு எடுக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் சாட்சி ஊரைவிட்டுப் போய்விடும். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊசிக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.)

நரம்பியல் டாக்டர் சி.டி.யைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சீட்டை வாங்கிப் படித்தார். "இதுல எழுதியிருக்கறதை ஏன் எடுக்கல?" என்று கேட்டார். நாங்கள் மூவரும் தரையைப் பார்த்தோம். மறுபடி ஸ்கேன். இந்த முறை அரசு மருத்துவமனை வளாகத்தில், மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் மையத்தில் எடுத்தோம். கட்டணம் தனியாரைவிடக் குறைவு, வரிசை நீளம். மெல்லிய துண்டுகளாக, கொழுப்பை அமுக்கி, ஊசி போட்டு எடுத்த படத்தில் இடது பார்வை நரம்பு ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் திரி ஏற்றிய மாதிரி ஒளிர்ந்தது. வலது நரம்பு பக்கத்தில் சாம்பல் நிறத்தில் அமைதியாகக் கிடந்தது. மூளையில் முன்பு "குறிப்பிட்டுச் சொல்ல எதுவுமில்லை" என்றிருந்த புள்ளிகளில் ஒன்றும் ஒளிர்ந்தது. தண்டுவடத்திலும் ஒரு புள்ளி இருந்தது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமாக எம்.எஸ்.

பார்வை நரம்புக்கு ஏன் இந்த நோய் முதலில் வருகிறது என்று தம்பி கேட்டான். அது கண்ணின் நரம்பு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது மூளையின் நீட்சி. மூளையில் இருக்கும் அதே வகை மையலின் உறை, அதே சவ்வுகள். கரண்ட் ஒயரின் மேல் ரப்பர் மாதிரி இருக்கும் அந்த உறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரிப்பதுதான் எம்.எஸ். மூளையின் ஒரு மூலையில் சின்ன அரிப்பு வந்தால் தெரியாமலே போகலாம். சுமார் 10 லட்சம் இழைகள் ஒரே கட்டாகப் போகிற இடத்தில் வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

மேலே சொன்ன அமெரிக்க ஆய்வு நடத்தியவர்கள் அந்த நோயாளிகளை 15 ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். பார்வை நரம்பு அழற்சி வந்தவர்களில் பாதிப்பேருக்கு எம்.எஸ். வந்தது. ஆனால் முதல் நாள் மூளை ஸ்கேனில் ஒரு புள்ளியும் இல்லாதவர்களில் 25 சதவீதம். ஒரு புள்ளியாவது இருந்தவர்களில் 72 சதவீதம். முதல் வாரத்துப் படம் பதினைந்து வருடத்துக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு சொல்கிறது. இப்போது நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் வந்துவிட்டதால் இந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மருந்தை எப்போது தொடங்குவது என்பதற்கான கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. சாதாரண அளவு ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அழற்சி திரும்ப வருவது அதிகமாக இருந்தது. நரம்பு வழியாக அதிக அளவில் ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. மெடிக்கல் ஷாப்பில் "கண் வீக்கத்துக்கு" என்று கேட்டு வாங்கிப் போடுகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! தயவுசெய்து வேண்டாம்.

என் நண்பர் ஒருவர், அவரும் மருத்துவர், இதைப் படித்துவிட்டு வாதம் செய்வார் என்று தெரியும். "சார், பார்வை நரம்பு அழற்சியை டார்ச்சும் வலியும் வயதுமே சொல்லிடும். மூளை ஸ்கேன் வேணும், சரி. கண்குழி ஸ்கேன் எல்லாருக்கும் எதுக்கு? செலவுதானே?" நியாயமான கேள்வி. மேலைநாட்டுப் பாடப்புத்தகப்படி, இளம்பெண், ஒரு கண், வலி, சில வாரத்தில் தானே தெளிவு என்று எல்லாம் பொருந்தினால் அவர் சொல்வது ஓரளவு சரி. ஆனால் நாம் ஆசியாவில் இருக்கிறோம். இங்கே எம்.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் வேறு இரண்டு நோய்கள் அதே வேஷத்தில் வந்து நிற்கின்றன. ஒன்று என்.எம்.ஓ. எனப்படும் நோய். 2004-இல்தான் அதற்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. மற்றொன்று எம்.ஓ.ஜி. எதிர்ப்பொருள் நோய். மூன்றிலும் கண் மங்கும், வலிக்கலாம். படத்தில் பெரும்பாலும் முகம் வேறு. எம்.எஸ்.ஸில் ஒரு பக்கம், குட்டையான பகுதி. என்.எம்.ஓ.வில் நீளமாக, பின்னால், இரு நரம்புகள் சந்திக்கும் இடம் வரை போகும். எம்.ஓ.ஜி.யில் முன்பக்கம் நீளமாக, பல நேரம் இரண்டு கண்ணிலும், நரம்பைச் சுற்றிய உறையும் சேர்ந்து ஒளிரும்.

வேறுபாடு தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கக்கூடாது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் சில மருந்துகள், இன்டர்ஃபெரான் உட்பட, என்.எம்.ஓ. உள்ளவருக்குக் கொடுத்தால் நோயை மோசமாக்கும். என்.எம்.ஓ. தாக்கினால் பார்வை அவ்வளவு எளிதில் திரும்பாது. ஆகவே கண்குழி ஸ்கேனும் அந்த ரத்தப் பரிசோதனைகளும் நம் நாட்டில் ஆடம்பரம் இல்லை என்பது என் கட்சி. என் நண்பர் கோபித்துக்கொள்ளட்டும்.

உலக மருத்துவர்களும் இப்போது இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். எம்.எஸ். என்று முடிவு செய்ய மெக்டொனால்ட் விதிகள் என்று ஒன்று உண்டு. 2001-இல் வந்தது, நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் வேலை பார்த்த இயன் மெக்டொனால்டின் பெயரால். நோய் ஒரே இடத்தில் இல்லை, பல இடங்களில் பரவியிருக்கிறது என்று காட்ட வேண்டும். 2017 திருத்தம் வரை நான்கு இடங்கள்தான் கணக்கு: மூளையில் மூன்று பகுதிகள், பிறகு தண்டுவடம். பார்வை நரம்பு சேர்த்தியே இல்லை! கண் தெரியவில்லை என்று வந்தவளிடம், கண்ணைத் தவிர வேறெங்காவது காட்டு என்று கேட்பது போல. 2025-இல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியான புதிய திருத்தத்தில் பார்வை நரம்பு ஐந்தாவது இடமாகச் சேர்ந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. மூலம் காட்டலாம். விழித்திரையின் நரம்படுக்கை மெலிவதை அளக்கும் ஓ.சி.டி., பார்வைச் செய்தி மூளையை அடையும் நேரத்தை அளக்கும் வி.இ.பி., இவற்றின் மூலமும் காட்டலாம்.

இதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. கண் அசைந்தாலே படம் கலங்கும். கொழுப்பு சரியாக அமுங்காத இடம் நோய் மாதிரி வெள்ளையாகத் தெரியும். கண்ணில் ஒரு புகாரும் இல்லாதவருக்கு, கலங்கிய படத்தை வைத்து எம்.எஸ். என்று முத்திரை குத்தும் அவசரம் வரலாம். டார்ச் முதலில், படம் அடுத்து, அதுவும் பார்க்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

கடைசியாக, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்த விஷயம். ஆவணியில் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். இரண்டாவது ஸ்கேனுக்கு முன் வீட்டில் ஒரு கூட்டம். "பேப்பர்ல பேர் வந்துட்டா அவ்வளவுதான். கண்ணுதான் கொஞ்சம் தெளியுதே, கல்யாணம் முடியட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்." சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவளைத் தூக்கி வளர்த்தவர்கள். எனக்கும் ஒரு நிமிஷம் அது புத்திசாலித்தனமாகப் பட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் ஸ்கேன் எடுக்காமல் இருந்தால் நோய் வராமல் இருக்குமா? தேர்வுத்தாளைத் திருத்தாமல் கட்டி வைத்தால் பையன் பாஸ் ஆகிவிடுவானா? இது தொற்றுநோய் இல்லை. எம்.எஸ். உள்ள பெண்கள் கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். எந்த மருந்தை எப்போது எடுப்பது என்று திட்டமிடத்தான் முன்னதாகத் தெரிய வேண்டியிருக்கிறது. கூட்டத்தை முடித்து வைத்தது நான் இல்லை, அவள். "கண்ணு என்னுது" என்றாள்.

வர இருந்தவர்களிடம் உள்ளதைச் சொன்னோம். அவர்கள் வரவில்லை.

மூன்று நாள் மருந்து ஏற்றினார்கள், தினம் 1 கிராம் மெத்தில்பிரட்னிசலோன். எதிர்ப்பொருள் பரிசோதனை இரண்டும் இல்லை என்று வந்தது. இப்போது எம்.எஸ்.ஸுக்கான மருந்து தொடங்கியாகிவிட்டது. கார்த்திகைக்குள் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை இடது கண்ணால் படித்தாள். ஆனாலும் ரோடு கிராஸ் பண்ணும்போது ஆட்டோ எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சரியாகத் தெரியவில்லை என்றாள். வீட்டில் யாரும் நம்பவில்லை. எனக்குப் பொறி தட்டியது.

ஒரு நூலில் பம்பரத்தைக் கட்டி, கதவு நிலையிலிருந்து தொங்கவிட்டு, இடதும் வலதுமாக நேர்க்கோட்டில் ஆட்டினேன். இரண்டு கண்ணாலும் பார்க்கச் சொன்னேன். "வட்டமாச் சுத்துது பெரியப்பா" என்றாள். ஒரு கண்ணின் செய்தி தாமதமாக மூளைக்குப் போனால் நேராக ஆடும் குண்டு நீள்வட்டத்தில் சுற்றுவதாகத் தெரியும். 1922-இல் புல்ஃப்ரிச் என்ற ஜெர்மானியர் விளக்கியது. அவருக்கே ஒரு கண் பார்வை இல்லாததால் அவரால் அதைப் பார்க்க முடிந்ததில்லை. வகுப்பில் பிள்ளைகளின் ஒரு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து இதைக் காட்டியிருக்கிறேன், இருட்டு அந்தக் கண்ணைத் தாமதப்படுத்தும். வி.இ.பி. பரிசோதனையிலும் அவளுக்கு இடது பக்கம் தாமதம் என்றே வந்திருந்தது.

கூலிங் கிளாஸைக் கழற்றி, அதன் ஒரு கண்ணாடியை அவளுடைய நல்ல கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். முதல் கண்ணாடி போதவில்லை. தம்பியுடைய இன்னும் கறுப்பான கண்ணாடியை வாங்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப நேரா ஆடுது."

தம்பியை அழைத்து, அவன் கண்ணில் ஒன்றை மறைத்துப் பார்க்கச் சொன்னாள்.